பஸ் ஏறிய பொதுக்கூட்டம்

1952ஆம் ஆண்டு சங்கப் பதிவதிகாரிக்குப் போன செயற்குழுப் பட்டியலில் ஒன்பதாவது பெயர் இப்படி இருக்கிறது: "ஜெயமணி, த/பெ மருதமுத்து, வயது 26, தொழில் ஏதுமில்லை. பொறுப்பு: சிற்றுண்டி."

இதில் பெயரும் வயதும் சரி. மற்றபடி, ஜெயமணி வாரத்தில் ஆறு நாள் மலாக்கா டவுனில் ஒரு வழக்கறிஞரின் ஆபீசில் டைப் அடித்தார். ஏழாவது நாள் விடிந்ததும் பஸ் ஏறி லூபோக் சீனாவுக்குப் போய், ஒரு ரப்பர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இரண்டு பழைய டைப்ரைட்டர்களை வைத்துக்கொண்டு பதினோரு பெண்களுக்கு வகுப்பு நடத்தினார். சிற்றுண்டியைப் பொறுத்தவரை, அவர் போட்ட தேநீரைச் செயற்குழு ஒரே ஒரு முறை குடித்தது. அதன் பிறகு, கூட்டம் நடக்கும் மாடிக்குக் கீழேயிருந்த சீனர் கடையிலிருந்துதான் கோப்பி வந்தது.

பட்டியலை எழுதியவர் செயலாளர் வீராசாமி. ஜெயமணி அவரிடமே கேட்டார்.

"ஏண்ணே, எனக்கு வேலை இல்லன்னு எழுதியிருக்கீங்க?"

"பொம்பளப் பிள்ளைக்கு வேலைன்னு எழுதினா, வீட்டுல கஷ்டம்னு நெனச்சிருவாங்க. எல்லாம் உன் மரியாதைக்குத்தான் தங்கச்சி."

"சிற்றுண்டி?"

"ஒம்பது பேருக்கும் ஆளுக்கொரு பொறுப்பு வேணும்ல? மிச்சம் இருந்தது அதான்லா."

சங்கத்தின் முழுப்பெயர் ஞானோதயம் வணிகப் பள்ளிப் பழைய மாணவர் சங்கம். டைப்பிங், சுருக்கெழுத்து, கணக்குப்பதிவு மூன்றும் கற்றுக்கொடுத்த அந்தப் பள்ளியில் படித்தவர்கள் டவுன் ஆபீசுகளிலும் தோட்டத்து ஆபீசுகளிலும் கிராணிகளாக, அதாவது குமாஸ்தாக்களாக, இருந்தார்கள். செயற்குழு ஆண்டுக்கு ஒரு விருந்து வைத்தது, ஒரு படம் எடுத்துக்கொண்டது, வேலை தேடும் உறுப்பினர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தது. கழுத்துப்பட்டியின் நிறம் பச்சையா நீலமா என்பதைப் பதினான்கு மாதம் விவாதித்து, கழுத்துப்பட்டியே வேண்டாம் என்று ஒருமனதாக முடிவு செய்தது. லூபோக் சீனா வகுப்பு ஒன்றுதான் அது செய்த உருப்படியான காரியம். அதுபற்றிச் செயற்குழுவில் விவாதமே நடந்ததில்லை.

இந்தச் சங்கத்தின் விதிப்புத்தகத்தில் ஒரு பிழை இருந்தது. தட்டச்சர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. அதாவது, அதில் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை.

ஞானோதயத்தில் வேகப் பயிற்சிக்கு மாணவர்கள் அடித்தது எங்கிருந்தோ வந்த ஒரு தோட்டத்துரைமார் கிளப்பின் விதிப்புத்தகம். ஒவ்வொருவரும் அதை ஐம்பது தடவையாவது அடித்திருப்பார்கள். சங்கம் தொடங்கியபோது விதிகள் வேண்டும் என்றார்கள். வீராசாமி உட்கார்ந்து, பார்க்காமலே, நாற்பது நிமிடத்தில் முழுவதையும் அடித்துக் கொடுத்தார். கிளப் என்ற இடத்திலெல்லாம் சங்கம் என்று மாறியிருந்தது. மாறாமல் போனவை: வராந்தாவில் குதிரைகளைக் கட்டக்கூடாது, பொதுக்கூட்டத்துக்கு நாற்பது பேராவது வந்திருக்க வேண்டும். அந்தக் கிளப்பில் முந்நூறு துரைமார்கள் இருந்திருக்கலாம். சங்கத்தில் இருந்தவர்கள் நாற்பத்தாறு பேர்.

முதலிரண்டு வருடம் விருந்தோடு கூட்டம் நடந்ததால் நாற்பது பேரும் வந்தார்கள். பிறகு, காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வந்த அவசரகாலச் சட்டம் கடுமையானது. தோட்டங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கேட்டை மூடினார்கள். டவுனுக்கு வந்து கூட்டத்தில் உட்கார்ந்தால் திரும்புவதற்குள் கேட் மூடிவிடும். ஒரு வருடம் பத்தொன்பது பேர் வந்தார்கள், மறுவருடம் இருபத்துமூன்று பேர். போதாக்குறைக்கு, ஓரிடத்தில் இருபத்தைந்து பேருக்கு மேல் கூடுவதற்குப் போலீஸ் அனுமதி தரவில்லை.

பதிவதிகாரியின் கடிதம் ஜூலையில் வந்தது. ஆகஸ்ட் முடிவதற்குள் முறைப்படி பொதுக்கூட்டம் நடக்காவிட்டால் பதிவு ரத்து. பதிவு போனால் லூபோக் சீனா வகுப்புக்கு இருந்த அனுமதியும் போகும். அந்தப் பதினோரு பெண்களும் அக்டோபரில் தேர்வெழுத வேண்டியவர்கள். இல்லையென்றால் காலையில் ரப்பர் பால்வாளியைத் தூக்க வேண்டியதுதான்.

செயற்குழு கூடியது. தலைவர் தனபாலன் ஒரு கப்பல் ஆபீசில் தலைமைக் கிராணி. எதற்கும் மனு எழுதுவதில் நம்பிக்கை உள்ளவர்.

"மனு எழுதுவோம். உருக்கமா."

"நாற்பதைப் பதினஞ்சுன்னு திருத்திட்டா தீர்ந்துச்சு" என்றார் வீராசாமி.

"திருத்துறதுக்குப் பொதுக்கூட்டம் வேணும்" என்றார் தனபாலன்.

"ஆமா."

"பொதுக்கூட்டத்துக்கு நாற்பது பேர் வேணும்."

"ஆமாண்ணே" என்ற வீராசாமி கோப்பியை எடுத்துக் குடித்தார்.

"பதினேழாவது விதி" என்றார் ஜெயமணி.

தனபாலன் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார். "வந்திருப்போர் சம்மதித்தால், தலைவர் கூட்டத்தை ஒத்திவைத்து, வேறோர் இடத்தில் அதே கூட்டத்தைத் தொடரலாம். அதுக்கென்ன இப்ப?"

"தோட்டத்து ஆளுங்க டவுனுக்கு வர முடியாதுண்ணே. கூட்டம் அங்க போகலாம்ல? லூபோக் சீனாவுல ஆரம்பிப்போம். கோலா சுங்கை பாருவுல தொடருவோம். டவுன்ல முடிப்போம். ஒரே கூட்டம்தான்."

தனபாலன் கண்ணைத் திறந்தார். மழை வந்தால் வராந்தாவிலிருந்து உள்ளே போவதற்காகத் துரைமார்கள் எழுதிவைத்த விதி அது.

"இத்தனை வருசமா எனக்கு இது தோணலையே" என்றார் வீராசாமி.

"விரலால அடிச்சோம்ணே. யாரும் படிக்கல."

ஜெயமணி அன்றே பதிவதிகாரிக்கு எழுதினார். மூன்று இடத்துக் கையெழுத்தும் ஒரே கூட்டத்தின் வருகையாகுமா என்று கேட்டிருந்தார். உங்கள் விதியில் தடை இல்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். சார்ஜன்ட் பிச்சைமுத்து பட்டியலில் விரலை ஓட்டி ஒன்பதாவது பெயரில் நிறுத்தினார்.

"சிற்றுண்டின்னு போட்டிருக்கே? ரோட்டுல ஒரு பிஸ்கட் டின் கொண்டுபோனாலே காட்டுக்காரனுக்குச் சாப்பாடுன்னு பிடிச்சு உள்ள வச்சிருவாங்க, தெரியும்லம்மா?"

"நான் கொண்டுபோறது கூட்டம் மட்டுந்தான் சார்."

சார்ஜன்ட் சிரிக்கவில்லை. ஆனால் மூன்று இடத்துக்கும் அனுமதி வாங்கிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்கு லூபோக் சீனாவில், வகுப்பு நடக்கும் அதே பள்ளிக்கூடத்தில் தனபாலன் கூட்டத்தைத் தொடங்கினார். தலைவர், செயலாளர், ஜெயமணி உட்படப் பதினைந்து கையெழுத்து. பத்தேமுக்காலுக்கு மூவரும் பஸ் ஏறினார்கள். கோலா சுங்கை பாருவில் மீன் ஏலக் கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறை. பத்துப் பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஏழு பேர் வந்தார்கள். மொத்தம் இருபத்திரண்டு.

டவுனுக்குப் போகும் வழியில் பஸ்ஸை ராணுவம் நிறுத்தியது. சாமான்களைக் கிளறிய சிப்பாய், ஜெயமணியின் பையிலிருந்து வருகைப் புத்தகத்தை எடுத்தான். ஊர் ஊராக வாங்கிய கையெழுத்துகள், ஒரு பெண்ணின் பையில். அந்த வருடத்தில் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் இருக்க முடியும்: காட்டுக்காரர்களுக்கு ஆள் சேர்ப்பு. மூவரையும் கீழே இறக்கினார்கள். பஸ் ஓரமாக நின்றது.

"மனு எழுதியிருக்கலாம்னு அப்பவே சொன்னேன்லா" என்று தனபாலன் முணுமுணுத்தார்.

இளம் வெள்ளைக்கார லெப்டினன்ட் ஒருவர் வந்தார். ஜெயமணி அனுமதிக் கடிதத்தையும் விதிப்புத்தகத்தையும் நீட்டினார். அவர் நின்றபடியே படித்துக்கொண்டு போனவர், ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். பிறகு நிமிர்ந்து, மிகவும் கவனமாக, "குதிரைகள் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"எங்களிடம் குதிரை இல்லை சார். நாற்பது பேரும் இல்லை. இந்தப் புத்தகத்தைத் திருத்தத்தான் கூட்டம் நடத்துகிறோம்."

"கூட்டம் எங்கே நடக்கிறது?"

"இப்போது இந்த ரோட்டோரத்தில் நிற்கிறது சார். மூன்று மணிக்கு மலாக்காவில் இருக்க வேண்டும்."

லெப்டினன்ட் வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். அவருடைய அப்பாவும் இப்படி ஒரு கிளப்பில் உறுப்பினராம். பஸ்ஸை விடச் சொன்னார்.

அவர்கள் ஞானோதயத்தின் மாடிப்படி ஏறியபோது மணி நான்கு. டவுன் உறுப்பினர்கள் யாரும் கலையவில்லை. பத்து பெரண்டாம் என்ற ஊரிலிருந்து சைக்கிளில் வந்த இருவரையும் சேர்த்து இருபத்தொரு பேர். கடைசிக் கையெழுத்து விழுந்ததும் வீராசாமி மூன்று பக்கங்களையும் இரண்டு தடவை எண்ணிவிட்டு, நாற்காலிமேல் ஏறி நின்று, "நாற்பத்துமூணு!" என்று கத்தினார். சுருக்கெழுத்துப் பரிசு வாங்கிய நாளில்கூட அவர் அப்படிக் கத்தியதில்லை. மாடி அதிர்ந்ததில் கீழேயிருந்த சீனர் கடைக்காரர் மேலே வந்து பார்த்தார். தனபாலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, நாற்பது என்பது இனிப் பதினைந்து என்று அறிவித்தார். எதிர்ப்பு இல்லை. தனபாலனே எழுந்து, கூட்டத்தைச் சுமந்து வந்தவருக்கு நன்றி என்று ஒரு தீர்மானம் முன்மொழிந்தார். கைதட்டல் அடங்கும்வரை ஜெயமணியால் உட்காரவே முடியவில்லை. மனுவைப் பற்றித் தலைவர் அதற்குப் பிறகு பேசியதாகத் தெரியவில்லை.

மருதமுத்து மகள் ஜெயமணி, 1952 ஆகஸ்ட் 24 அன்று, ஒரே பொதுக்கூட்டத்தை மூன்று ஊர்களில் நடத்தி, நாற்பத்துமூன்று கையெழுத்து வாங்கிச் சங்கத்தின் பதிவைக் காப்பாற்றினார். அக்டோபரில் அவருடைய மாணவிகள் பதினோரு பேரும் தேர்வெழுதினார்கள். ஒன்பது பேர் தேறினார்கள்.