முருங்கை மரத்தடிக் கோலம்

அப்பா வெளியே போனால் என்ன கொண்டு வருவார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஐப்பசிப் பௌர்ணமிக்கு மலை சுற்றப் போனவர், விடிந்ததும் ஒரு நாய்க்குட்டியோடு வாசலில் வந்து நின்றார். அடி அண்ணாமலையிலிருந்து நாலு மைல் தன் பின்னாலேயே வந்ததாம். அண்ணாமலையாரே அனுப்பி வைத்ததை எப்படி விரட்டுவது என்றார். வழியில் டீக்கடையில் பொறை வாங்கிப் போட்டதை அவர் சொல்லவில்லை. குட்டியின் வாயோரத்துத் தூள் சொன்னது. அண்ணன் அதற்குப் பொறை என்றே பெயர் வைத்தான்.

வீட்டில் ஏற்கெனவே மணி இருந்தது. வயதான நாய். வாசற்படிக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. பொறைக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. மணியின் வாலைக் கடிக்கும், காதைப் பிடித்துத் தொங்கும், சோற்றைத் தின்றுவிட்டு மணியின் மேலேயே ஏறிப் படுக்கும். வசதியான மாப்பிள்ளைக்கு அடங்கிப்போகிற மாமனாரைப் போல மணி எழுந்து வேறு இடம் தேடிக்கொள்ளும்.

இதையெல்லாம் அம்மா பொறுத்துக்கொண்டாள். வீட்டுக்குள் கண்ட இடத்தில் அது ஒன்றுக்குப் போவதைத்தான் பொறுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் திட்டிக்கொண்டே சாணம் கரைத்து மெழுகுவாள். மெழுகின இடத்தை வெறுமனே விட்டால் வீட்டுக்கு ஆகாது என்பது அவள் எண்ணம். அதனால் மேலே நாலு புள்ளி வைத்து ஒரு சின்னக் கோலமும் போடுவாள். பத்தே நாளில் எங்கள் வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

கடைசியில் ஒருநாள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னாள்.

"தீபத்துக்கு உங்க மாமா வருவாரு இல்ல? அதுக்குள்ள இது திருந்தலைன்னா, அவரு கூடவே கீழ்பென்னாத்தூருக்கு ஏத்தி அனுப்பிடுவேன். மல்லாட்டைக் கொல்லையில காவலுக்கு ஆச்சு."

மாமாவுக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விவசாயம்; அம்மா சொன்னதைச் செய்கிறவர். எனக்கு அழுகை வந்தது. பொறையைத் திருத்தும் பொறுப்பை அன்றே எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்போது எட்டு வயது.

யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. தப்பு செய்த இடத்தில் மூக்கைத் தேய்த்தால் புத்தி வரும் என்றார் அப்பா. தேய்த்தேன், அது என் கையை நக்கியது. நாய்க்கு இங்கிலீஷில் சொன்னால்தான் புரியும் என்றான் அண்ணன். "நோ! கெட் அவுட்!" என்று இரண்டு நாள் கத்தினோம். அடி அண்ணாமலையில் பிறந்த நாய் அது, பாவம். ஒவ்வொரு 'கெட் அவுட்'டுக்கும் வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே ஓடி வந்தது.

தீபத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போதுதான் அதைக் கவனித்தேன். கூடத்தில் அவ்வளவு இடம் கிடக்க, பொறை மோப்பம் பிடித்துக்கொண்டு நேராக ஒரு கோலத்துக்குப் போய், நடுவில் உட்கார்ந்து காரியத்தை முடித்தது. மறுபடியும் பார்த்தேன். இன்னொரு கோலம். கோலம் என்றால் அதற்கென்று ஒதுக்கிய இடம் என்று அது முடிவு செய்துவிட்டது!

"அம்மா, நீ கோலம் போடறதாலதான் அது அங்கேயே போவுது."

"ஆமாண்டி, நாய் பண்றதுக்கும் என் மேலயே பழியைப் போடு" என்றாள் அம்மா.

கொட்டாங்கச்சியில் கோலமாவை அள்ளிக்கொண்டு பின்பக்கத் தோட்டத்துக்கு ஓடினேன். முருங்கை மரத்தடியில் நாலு புள்ளி வைத்து, கோணல்மாணலாக ஒரு கோலம் போட்டு, பொறையைத் தூக்கி வந்து நடுவில் விட்டேன். அது என் பாவாடையைக் கடித்து இழுத்தது. அப்போது நிழலில் படுத்திருந்த மணி மெதுவாக எழுந்து வந்து, தன் வழக்கப்படி முருங்கை மரத்தின் மேல் காலைத் தூக்கியது. பொறை அதைப் பார்த்தது. மரத்தை மோந்தது. பிறகு பெரிய மனுஷத் தோரணையோடு என் கோலத்தில் உட்கார்ந்தது. நான் போட்ட கூச்சலில் மணி பயந்து நகர்ந்துவிட்டது.

நாலு நாள் விடாமல் செய்தேன். வீட்டுக்குள் இருந்த கோலங்களை அம்மாவுக்குத் தெரியாமல் பாவாடையாலேயே அழித்தேன். ஆனால் தீபத்தன்று என்ன செய்வது? அம்மா வீடு முழுக்க மாக்கோலம் போட்டுவிட்டாள். மாமாவும் வந்துவிட்டார். மல்லாட்டையைக் கொட்டிவிட்டு, காலிச் சாக்கை மடித்து வைத்துக்கொண்டு, "எங்கம்மா உன் நாய்?" என்று சிரித்தார். அந்தச் சாக்கைப் பார்த்ததும் பொறையைத் தூக்கிப் பாவாடை மறைவில் வைத்துக்கொண்டேன்.

மாலை ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் தெரிந்தது. "அரோகரா!" என்று தெருவே கத்தியது. அம்மா ஒவ்வொரு கோலத்திலும் ஓர் அகலை ஏற்றி வைத்தாள். பொறை கூடத்துக்கு வந்தது. முதல் கோலத்துக்குப் போனது, விளக்கு. அடுத்ததற்குப் போனது, அங்கும் விளக்கு. மூக்கில் சூடு பட்டதும் ஒரு குரல் கத்திவிட்டு, நாலுகால் பாய்ச்சலில் தோட்டத்துக்கு ஓடியது. பின்னாலேயே ஓடிப் பார்த்தேன். ஊரிலேயே விளக்கு வைக்காத ஒரே கோலம் அங்கேதான் இருந்தது. பொறை அதில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தது.

மறுநாள் மாமா காலிச் சாக்கோடுதான் பஸ் ஏறினார். அன்று எனக்கு இருந்த சந்தோஷம் பிற்பாடு பரீட்சையில் பாஸான போதுகூட இல்லை.

தீப லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் கோலம் போடுவதை மறந்துவிட்டேன். பொறை மறக்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்குள் ஒருநாளும் ஈரம் செய்யவில்லை. ஒரு நாயைப் பழக்கி ஆளாக்கியவள் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

மார்கழியில் ஒருநாள் காலை பல் தேய்க்கத் தோட்டத்துக்குப் போனேன். வாசல் கோலத்தை முடித்துவிட்டு வந்த அம்மா, முருங்கை மரத்தடியில் குனிந்து நாலு புள்ளிக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். மணியும் பொறையும் பக்கத்தில் காத்துக்கொண்டு நின்றன.

"மரத்துக்கு எதுக்கும்மா கோலம்?"

"மாவு மீந்துபோச்சுடி. வீணாக்கச் சொல்றியா?" என்றாள் அம்மா, நிமிராமலே.

மறுநாளும் மாவு மீந்தது. அதற்கடுத்த நாளும் மீந்தது. இத்தனை வருஷம் கோலம் போட்டும் அம்மாவுக்கு இன்னும் மாவின் அளவு தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.