நடு ஏரிக் காற்றைக் கேட்டவர்

செஞ்சி பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது அருள்மேரியின் தம்பி போன் செய்தார். "அக்கா போயிட்டாங்க சார்" என்றார்.

நாங்கள் பாடம் நடத்திய கல்லூரியில் அருள்மேரி நுண்ணுயிரியல் துறை, நான் இயற்பியல். அனந்தபுரம் போகும் வழியில் உள்ள ஏரியில் பாசி பச்சையாகத் திரளும் மாதங்களில் பிள்ளைகளுக்கு இருமல் வருவதாகக் கரையோர மக்கள் சொல்லிவந்தார்கள். ரோட்டுப் புழுதிதான் காரணம் என்று அதிகாரிகள் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அருள்மேரி என்னிடம் வந்தார். "கரையில நின்னு காத்தைப் பிடிச்சா புழுதிதான் மாட்டும். நடு ஏரியில பிடிக்கணும், ஆள் போகாம. ரிமோட்ல ஓடுற படகு ஒண்ணு செஞ்சு குடுங்க சார்."

செய்தேன். காற்றை உறிஞ்சி, அதிலுள்ள நுண்ணுயிர்களை மெல்லிய வடிதாளில் படியவைக்கும் சிறு பம்பு ஒன்றை அதன்மேல் பொருத்தினோம். முதல் நாளே படகு ஆகாயத்தாமரையில் சிக்கிக்கொண்டது. மீனவர் ஒருவர் நீந்திப்போய் இழுத்து வந்தார். நனையாமல் வந்த வடிதாளை அருள்மேரி தூக்கிப் போட்டுவிட்டார்.

"ஒரு நாள் வேலை போச்சே மேடம்!"

"நீந்தி வந்த மீனவரு மூச்சும் இதுல கலந்திருக்கும் சார். நாளைக்கு மறுபடி விடலாம்."

மறுநாள் எனக்கு முன்பே கரையில் நின்றார்.

இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் அறிவீர்கள், அந்த ஆண்டிலேயே அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. முடி கொட்டிய தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து படகை ஓட்டினார். ஓய்வெடுக்கச் சொன்னேன். "நான் படுத்துட்டா அந்தப் பிள்ளைங்களுக்கு இருமல் நின்னுடுமா?" என்று கேட்டார்.

கிராமசபையில் அவரே எழுந்து பேசினார். காற்று வேகமாக வீசும் நாள்களில் தண்ணீரிலுள்ள அதே பாசி மேலே காற்றிலும் மிதக்கிறது. இருமல் அதனால்தானா என்பது இன்னும் தெரியாது என்றார். தெரியாததைச் சேர்த்துச் சொல்ல மறுத்துவிட்டார். கூட்டம் முணுமுணுத்தது.

பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் எழுந்தார். "காத்துல இருக்குதுன்னா மூக்குல போவாம எங்க போவும்? மொதல்ல சாக்கடைய ஏரியில வுடறத நிறுத்துங்க!"

தீர்மானம் நிறைவேறியது. சாக்கடையைத் திருப்பிவிட இப்போது கால்வாய் வெட்டுகிறார்கள். அதைப் பார்க்க அருள்மேரி இல்லை.

அன்று கிராமசபை முடிந்து காரில் திரும்பும்போது மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "அடுத்தது எந்த ஏரி சார்?"

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். இன்று காலை தொண்டூர் ஏரியில் படகை இறக்கினோம்.