பாப்பாவுக்குப் புத்தகம் படித்த தசரா விடுமுறை

எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம், கழுத்துகூட நிற்காத ஒரு கைக்குழந்தைக்குப் படப் புத்தகம் படித்துக் காட்டுவது. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. மைசூரில் தசரா விடுமுறை விட்டிருந்தார்கள். என் தோழிகளெல்லாம் விளக்கு அலங்காரம் பார்க்கப் போய்வந்துகொண்டிருக்க, நான் எங்கள் வீட்டு உள்ளறையில் பிறந்து ஒரு மாதம் ஆன தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கன்னட எழுத்துகளைக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். என்னை அந்த வேலையில் அமர்த்தியது அம்மா. பாப்பாவின் உயிரே அதில்தான் இருந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அம்மாவைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியவும் தெரியாது.

புத்தகம் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. கன்னடம் நன்றாகப் படிக்கிறேன் என்பதற்கான பரிசு. புதுசு ஒன்றுமில்லை, அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்ததுதான். எங்கள் டீச்சரே கைக்குழந்தையாக இருந்தபோது பார்த்த புத்தகமாம். எங்கள் பேட்டையில் அதைப் பார்க்காமல் வளர்ந்த பிள்ளை கிடையாது என்று பெருமையாகச் சொன்னார். கடிக்காமல் வளர்ந்த பிள்ளையும் கிடையாது போலும், அட்டையின் மூலைகளெல்லாம் மழுங்கிப்போயிருந்தன.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. யானைக் குட்டி ஒன்றுக்குத் தூக்கம் வருகிறது. மரத்தடிக்குப் போகிறது, காக்கை "இல்லி ஜாக இல்ல" என்கிறது, அதாவது இங்கே இடமில்லை. மாட்டுக்கொட்டகைக்குப் போகிறது, பசுவும் அதையே சொல்கிறது. பூனை, ஆடு, குரங்கு என்று யாரிடம் போனாலும் இடமில்லை. கடைசிப் பக்கத்தில் தாய் யானை வந்து நிற்க, அதன் நிழலில் குட்டி படுத்துக்கொள்கிறது. நான் ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் கன்னடத்தில் படிப்பேன், பிறகு தமிழில் சொல்வேன். காக்கைக்கு மூக்கால் ஒரு குரல், பசுவுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு குரல். தங்கை கூரையைப் பார்த்துக் கொட்டாவி விடுவாள்.

பிரசவத்துக்கு அம்மா தான் பிறந்த ஊரான கோபிநத்தத்துக்குப் போயிருக்க வேண்டும். அங்கே அம்மாவைப் பெற்றவள் உயிரோடு இல்லை. அதனால் கௌதள்ளியிலிருந்து அப்பாவின் அக்கா, என் அத்தை, வந்து இறங்கினாள். அத்தை மோசமானவள் இல்லை. விடிவதற்கு முன்பே எழுந்து வெந்நீர் போடுவாள், பூண்டு உரிப்பாள், மிளகு இடிப்பாள், ஓயாமல் பேசுவாள். பிள்ளை பெற்றவளை எங்கள் தெருவில் பாணந்தி என்பார்கள். பாணந்தி மேல் காற்றும் படக் கூடாது, ஊர்க்கண்ணும் படக் கூடாது என்பது தெருவுக்கே பொதுவான சட்டம், ஆனால் அத்தை அதை நடத்தியது போலீஸ் கெடுபிடியாக. ஜன்னல் சாத்தியிருக்கும், கதவும் சாத்தியிருக்கும். உள்ளே அம்மாவும் பாப்பாவும் மட்டும். ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா காலையில் கதவுக்கு வெளியே நின்று "எல்லாஞ் சரிதானே" என்று கேட்பார், பதில் வருவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்.

ஒரு நாள் பரிசுப் புத்தகத்தைக் காட்டுவதற்காக நான் அந்த அறைக்குள் நுழைந்தேன். பாப்பா ஒரு மூலையில் கிடந்து அழுதது. அம்மா எதிர் மூலையில், சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் முகம் வியர்த்திருந்தது. தூக்காமல் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. நான் பாட்டுக்குப் பாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து காக்கைக் குரலில் ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் அம்மா நகர்ந்து வந்தாள். பாப்பாவை மடியில் போட்டுப் பால் கொடுத்தாள்.

"இன்னொருக்காப் படி கண்ணு" என்றாள்.

அன்றிலிருந்து அத்தை அந்தப் பக்கம் நகர்ந்தால் போதும், அம்மா என்னைக் கூப்பிட்டுவிடுவாள். பாப்பா தூங்கிவிட்டதே என்றால், "தூங்கினாலும் காதுல உழுகும், நிறுத்தாத" என்பாள். எனக்குத் தொண்டை கட்டினால் தன் பங்குச் சுக்குக் கஷாயத்தைக் குடிக்கக் கொடுப்பாள். என் குரலுக்கு இவ்வளவு மவுசா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தைக்கோ சிரிப்பு.

"கண்ணு முழிக்காத புள்ளைக்குப் பாடஞ் சொல்லிக் குடுக்கறாளுக. பெரிய கலெக்டராகப் போகுதாக்கும்."

ஒரு நாள் எனக்கே அலுத்துவிட்டது. நீயே படியேன் என்று புத்தகத்தை அம்மாவிடம் நீட்டினேன். அம்மாவுக்குக் கன்னடம் படிக்க வரும். இரண்டு பக்கம் படித்தாள். மூன்றாவது பக்கத்தில் மூடிவிட்டாள்.

"நான் படிச்சா எனக்குக் கேக்கறதில்ல சாமி. நீயே படி."

தான் படிப்பது தனக்கே கேட்காத மனுஷி உண்டா என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை, புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள்.

விடுமுறை முடிந்தது. பள்ளி திறப்பதற்கு முதல் நாள் மாலை அம்மா கதவைத் திறந்து வெளியே வந்து நின்றாள். பாணந்தி கூடத்துக்கு வந்துவிட்டாளே என்று அத்தை பதறினாள். அம்மா அப்பாவைப் பார்த்து, "புள்ள நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டாங்க" என்றாள்.

"ஏன், ஒடம்பு கிடம்பு சரியில்லயா?"

"பாப்பாவுக்குப் படிக்கோணுமுங்க."

அப்பா சிரித்துவிட்டார். அவரைப் பார்த்து நானும் சிரித்தேன். அம்மா அத்தையின் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நீங்களாச்சும் உள்ளார வந்து உக்காந்துக்கங்க அண்ணி. சும்மா உக்காந்திருந்தாப் போதும்."

"நா உனக்குக் காவல் உக்காந்துட்டா அடுப்ப ஆரு பாக்கறது?"

நியாயமான கேள்விதான். அம்மா உள்ளே போனாள். அன்று அந்த வீட்டில் அம்மா கேட்டது ஒரு துணை. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டும் மிளகும் தவிர வேறு ஏதாவது வேண்டியிருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போது நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது.

மறுநாள் சாயங்காலம் நான் பள்ளியிலிருந்து திரும்பியபோது எங்கள் வாசலில் கூட்டம். பக்கத்து வீட்டு ஆண்டி, ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவர், பாப்பாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். அத்தை மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து அம்மா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். "ஸ்வல்ப ஹொத்து இட்கொள்ளி அக்கா" என்று, கொஞ்ச நேரம் வைத்திருக்கும்படி சொல்லிக் குழந்தையை அவர் கையில் திணித்துவிட்டு, திரும்பி வந்து உள்ளே தாழ் போட்டுக்கொண்டாளாம். அதற்குப் பிறகு திறக்கவே இல்லை.

"பாப்பா பசியில கெடந்து கத்துது, கதவத் தொற" என்று அத்தை தட்டிக்கொண்டே இருந்தாள்.

"உள்ளார கொண்டாராதீங்க. கும்புட்டுக் கேக்கறேன், கொண்டாராதீங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

நான் ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். அம்மா தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்பா வந்து தாழ்ப்பாளை உடைத்தார். பெற்ற பிள்ளையை அடுத்த வீட்டில் வீசிவிட்டு வந்தவள் என்று அத்தை தெருவுக்கே கேட்கும்படி அழுதாள். தெருவும் அப்படித்தான் பேசியது. ஊரிலிருந்து மாமா வந்து அம்மாவை அழைத்துப் போனார். பாப்பா மைசூரிலேயே புட்டிப்பாலில் வளர்ந்தது. அம்மாவுக்கு முதலில் தாயத்துக் கட்டினார்கள், பிறகு வேப்பிலை அடித்தார்கள், அதற்கும் பிறகுதான் கொள்ளேகாலில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்கள். மாத்திரை கொடுத்து, இது பிரசவத்தோடு வருகிற வியாதி, குணமாகும் என்று சொன்னாராம் அவர். அந்தச் செய்தி எங்கள் தெரு வரை வந்து சேரவே இல்லை.

என் மகன் பிறந்தபோதுதான் அம்மா என்னிடம் வாயைத் திறந்தாள்.

"மண்டைக்குள்ள ஒரு சத்தம். புள்ளையத் தண்ணித் தொட்டீல போடு, போடுன்னு. நீ படிக்கறப்ப மட்டும் அது பேசாது."

"ஏம்மா யாருகிட்டயும் சொல்லல?"

"சொன்னாப் பைத்தியமின்னு கொண்டுபோயிருவாங்கன்னு பயந்தேன். சொல்லாமயே கொண்டுபோயிட்டாங்க."

பாப்பாவை வீசி எறிந்தவள் என்று ஊர் சொன்ன அந்த நாளில்தான் அம்மா பாப்பாவைக் காப்பாற்றியிருக்கிறாள். அதை எனக்குச் சொல்ல அவளுக்கு அத்தனை வருஷம் தேவைப்பட்டது.

நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது, அடுத்த தசரா சமயத்தில் அம்மா மைசூருக்குத் திரும்பி வந்தாள். பாப்பா அதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தது. அம்மா சமைத்தாள், துவைத்தாள், எனக்குச் சடை பின்னிவிட்டாள். பாப்பாவை மட்டும் அத்தையோ அப்பாவோ எதிரில் இருந்தால்தான் தூக்குவாள். ஒரு மத்தியானம் அத்தை மாடியில் துணி உலர்த்தப் போயிருந்தாள். பாப்பா தத்தித் தத்தி வந்து, அம்மாவின் முன்னால் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றது. அம்மாவின் கைகள் பாதி தூரம் நீண்டன. பிறகு வாசலைப் பார்த்தாள், சமையலறையைப் பார்த்தாள். அத்தை திட்டுவாளோ என்று பயப்படுகிறாள் என நினைத்தேன். எனக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கிட்டே போய்க் காதோடு சொன்னேன்.

"அத்தை இல்லம்மா. யாருமே இல்ல. நானும் வெளிய போயிடறேன், நீ தூக்கிக்கோ."

நான் வாசல் பக்கம் திரும்பியதுதான் தாமதம், அம்மா பாப்பாவை விட்டுவிட்டு என் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். வலிக்கிற அளவுக்கு இறுக்கமான பிடி. அத்தை மாடியிலிருந்து இறங்கி வரும் வரைக்கும் விடவில்லை. பாப்பாவைவிட என்மேல்தான் அம்மாவுக்குப் பாசம் அதிகம் என்று முடிவு கட்டிக்கொண்டு, அன்று முழுவதும் நான் மிதப்பில் திரிந்தேன்.