வெட்டுக்கு முன் நிறுத்திய தண்ணீர்

தினமும் உடம்பைச் சாகடித்தால்தான் பந்தயத்தில் ஜெயிக்கலாம் என்று எங்கள் ஊர் இளைஞர் மன்றச் செயலாளர் நம்பினார். நான் நம்பவில்லை. இன்றைக்கும் நம்பவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். எறையூர்ப் பக்கம் எங்கள் ஊர். வழுக்கு மரமும் உறியடியும் சலித்துப்போய், சுற்றுவட்டார மன்றங்கள் சேர்ந்து காணும் பொங்கலுக்குப் புதுப் போட்டி ஒன்று வைத்தன. ஏரியை நீந்திக் கடக்க வேண்டும். கரையில் நிற்கும் சைக்கிளை எடுத்து வேப்பந்தட்டை வரை மிதித்துத் திரும்ப வேண்டும். கடைசியில் ஏரியைச் சுற்றி ஓட வேண்டும். மூன்றும் ஒரே ஆள். எங்கள் ஊர் சார்பில் இறங்கியது இரண்டு பேர்: செயலாளர் ஒருவர், கரும்பு விவசாயியான நான் ஒருவன். அவர் என்னைவிட நிறைய இளையவர்.

முதல் வருடம் அவர் சொன்னபடி கேட்டேன். விடிந்தால் நீச்சல், சைக்கிள், ஓட்டம், எல்லாம் முழு வேகத்தில். பொங்கல் வந்தபோது கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. பாதி வழி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் போனவர்கள் ஜன்னல் வழியாகக் கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கரும்புக்கு எல்லா மாதமும் ஒரே கவனிப்பா கொடுக்கிறோம்? மறு வருடம் உடம்பையும் அப்படியே வளர்த்தேன். கோடை முழுக்க மெதுவாக, ஆனால் நெடுந்தூரம். பெரம்பலூர் போகக்கூட பஸ் ஏறவில்லை. ஐப்பசி மழையில் கிணறு நிறைந்ததும் நீச்சல். கார்த்திகையில்தான் வேகம், மேட்டில் ஓட்டம், எதிர்காற்றில் மிதி. அதிலும் இடையிடையே ஒரு வாரம் இளைப்பாறல். மார்கழி பாதியில் எல்லாவற்றையும் குறைத்துவிட்டேன். வெட்டுக்கு முன் கரும்புக்குத் தண்ணீரை நிறுத்துவோம், அப்போதுதான் சர்க்கரை ஏறும். கடைசிவரை பாய்ச்சினால் தடியாக இருக்கும், கடித்தால் சப்பென்றிருக்கும்.

இது கரும்பு விளைவிக்கிற ஊருக்கே புரியவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

பொங்கல் நெருங்கும்போது செயலாளர் வீட்டுக்கு வந்தார். நான் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தேன்.

"என்னண்ணே, எல்லாரும் பிராக்டிஸ் பண்றாங்க, நீங்க வூட்டுல படுத்துக் கெடக்குறீங்க? நாளைக்கு ஏரிக்கு வரலன்னா உங்க பேர அடிச்சிருவேன்."

"அடிச்சுக்க தம்பி. நான் தனியா எறங்கிக்கிறேன்."

"ஊர் பேரு இல்லாமயா?"

"ஊர் பேரா நீந்தப் போவுது? நான்தான நீந்தணும்!"

அவர் போனதும், கரும்புக்காட்டிலேயே வளர்ந்த என் மனைவி உள்ளேயிருந்து சிரித்தாள். "ஏங்க, தண்ணி நிறுத்தியாச்சுன்னு சொல்லியிருந்தா அவருக்குப் புரிஞ்சிருக்கும்ல."

மறுநாள் நான் ஏரிக்குப் போகவில்லை, அவரும் சொன்னபடியே மன்றப் பட்டியலில் என் பேரை அடித்துவிட்டார். வீறாப்பாகப் பேசிவிட்டேனே தவிர, பயமாகத்தான் இருந்தது. தோற்றால் சோம்பேறி என்ற பட்டம் சாகும்வரை ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் பக்கத்து மன்றங்களுக்கு ஒரு வழக்கம். மாட்டுப் பொங்கலன்றே மேளம் விசிலோடு முழுப் பந்தயத்தையும் ஊருக்கு ஒருமுறை ஓடிக் காட்ட வேண்டும். காட்டாதவன் ஆம்பளையே இல்லை. செயலாளர் காட்டினார், ஊர் ஆரவாரித்தது. நான் என் மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் பூசிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பந்தயத்தில் அவர்தான் முதலில் கரையேறினார். வேப்பந்தட்டை போய்த் திரும்பும்போது பார்க்கிறேன், ரோட்டோரம் உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிசைந்துகொண்டிருக்கிறார். பெல் அடித்துவிட்டுப் போனேன். தேவையே இல்லைதான். ஆனாலும் அடித்தேன், சந்தோஷமாக இருந்தது.

இரண்டாவதாக வந்தேன். முதலில் வந்த பக்கத்து ஊர்க்காரனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. எனக்கு ஒரு எவர்சில்வர் குடம் கொடுத்தார்கள். நொண்டிக்கொண்டே மேடையேறிய செயலாளர், "நம்ம ஊருக்கு ரெண்டாம் பரிசு!" என்று மைக்கில் கத்தினார். இறங்கி வந்ததும், "கொடத்துல மன்றத்தோட பேர வெட்டித் தரேன், குடுங்கண்ணே" என்று கை நீட்டினார்.

குடத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன். "பேர அடிச்சது நீதான தம்பி. அடிச்சது அடிச்சதாவே இருக்கட்டும்."

எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் எல்லாவற்றிலும் யாராவது ஒருவர் பெயர் வெட்டியிருக்கும். அந்தக் குடத்தில் மட்டும் இன்றுவரை ஒரு எழுத்தில்லை.