கள்ளியிடம் சக்தி கேட்டு வந்தவர்கள்

பூத்து நிற்கும் செடியின் முன் கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்பதற்காக நீங்கள் எவ்வளவு தூரம் பயணம் செய்வீர்கள்? கெரெத்தாரோ மேட்டிலுள்ள இந்தக் கள்ளித் தோட்டத்துக்கு, பகலும் இரவும் சமமாகும் மார்ச் நாளில், தலைநகரிலிருந்து பேருந்து பேருந்தாக வருகிறார்கள். எல்லோருக்கும் வெள்ளை உடை. கள்ளியிடம் 'சக்தி' ஏற்றிக்கொள்ள வேண்டுமாம்.

அப்படி ஏற்றிக்கொண்ட ஒருவரின் முழங்கையிலிருந்து முள் பிடுங்கிக்கொண்டிருக்கிறார் தோன்யா ஹாசிந்தா.

"சக்தி ஏறுச்சா? நல்லாத்தான் ஏறியிருக்கு, அரை அங்குலம். ஆடாதீங்க."

ஊரில் பெண்களுக்கு முடி வெட்டும் கடை அவருடையது. கள்ளி பூக்கும் காலத்தில் கடையை அடைத்துவிட்டு, மடக்கு நாற்காலியும் மிளகாய்ப்பொடி தூவிய வெள்ளரிக்காயுமாக இங்கே வந்துவிடுவார். யாரும் கூப்பிட்டதில்லை. "நேத்தே பூத்திருக்கணும்டி நீ, சோம்பேறி" என்று செடிகளைத் திட்டியபடி நடப்பார்.

அவர் உட்காருமிடம், மஞ்சள் பூ முடிசூடிய பெரிய உருண்டைக் கள்ளியின் அருகே. மலையில் இந்த இனத்தை வெட்டி, சர்க்கரைப் பாகில் போட்டு, மிட்டாயாகத் தின்றே தீர்த்துவிட்டோம். மிஞ்சிய இந்தக் கள்ளியின் விதையில் முளைத்த கன்றுகள் அதன் காலடியில், கயிற்று வேலிக்குள் இருக்கின்றன. மூன்று வயதாகியும் கொட்டைப்பாக்கு அளவுதான். தெரியாதவர் கண்ணுக்கு அவை கூழாங்கற்கள்.

இந்த ஆண்டு வந்த குரு எலியோதோரோ அந்தக் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். "கண்ணை மூடிக்கிட்டு, கள்ளியைத் தொடுற வரைக்கும் உள்ள வாங்க!"

"ஐயா குருவே, கீழ பாருய்யா! கன்னுங்க இருக்கு!"

"அம்மா, உங்ககிட்ட கெட்ட அதிர்வு இருக்கு."

"இருக்காதா? காலையிலேருந்து உன் மூஞ்சியைத்தானே பாக்கிறேன்!"

சிலர் சிரித்தார்கள். குருவோடு வந்தவர்களின் முரசு அதிர்ந்தது. சிரித்தவர்களும் கண்ணை மூடிக்கொண்டு நடந்தார்கள். முதல் கன்று நசுங்கியது யாருக்கும் கேட்கவில்லை. கள்ளி ஆண்டுக்கணக்காகச் சேர்த்து வைத்திருப்பது தண்ணீர், அதுவும் தன் பிழைப்புக்காக. பள்ளிப்பிள்ளைக்கும் தெரிந்த இந்த உண்மையை மிதித்துக்கொண்டு போவதற்குப் பெயர் ஆன்மிகமாம்!

தோன்யா ஹாசிந்தா கயிற்றுக்கடியில் நுழைந்து, முழங்காலிட்டு, மிச்சமிருந்த கன்றுகளைச் சுற்றி இரு கைகளையும் தரையில் ஊன்றிக் குனிந்தார். ஒரு வெள்ளைச் செருப்பு அவர் புறங்கையில் ஏறி நின்றது. கையை அவர் எடுக்கவில்லை.

எந்தத் தோட்டத்திலாவது யாராவது வேலிக் கயிற்றைத் தூக்கினால், அவர் எத்தனை பெரிய குருவானாலும் சரி, அதைப் பிடித்துக் கீழே இறக்குங்கள்.