ஒட்டுப் பிரியாத பெட்டி

பழைய பொம்மைகள் சேர்ப்பவன் நான். நேற்று கூரியரில் வந்த படைவீரன் பொம்மையை, ஒருமுறைகூடப் பெட்டி பிரிக்காதது என்று சொல்லித்தான் விற்றிருந்தார்கள். பெட்டியின் ஓரத்தில் புதுப் பசை வாசம் அடித்தது.

சின்ன வயதில், புதுமடத்தில் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியிலும் அப்படியொரு பெட்டி இருந்தது. வாப்பா துபாயிலிருந்து அண்ணனுக்கு அனுப்பியது. அது வந்து சேருவதற்குள் அண்ணனைக் கடல் கொண்டுபோய்விட்டது. உம்மா அதை யாரையும் தொடவிடவில்லை. ஆனால் ஒட்டுப் பிரியாத அந்தப் பெட்டியின் கண்ணாடித்தாள் வழியே பார்த்தால், உள்ளே பொம்மையின் கை ஒருநாள் உயர்ந்திருக்கும், மறுநாள் தாழ்ந்திருக்கும். பயத்தில் அந்த அறைப்பக்கமே போகமாட்டேன்.

ஒரு மதியம், உம்மா பெட்டியின் ஓரத்தில் பசை தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

“கையத் தூக்கியே வச்சிருந்தா அவனுக்கு வலிக்கும்லடா,” என்றாள் என்னைத் திரும்பிப் பார்க்காமல்.

விற்றவர்களிடம் நான் எதுவும் கேட்கவில்லை. பெட்டியையும் பிரிக்கவில்லை.