கறுப்புப் பூசையில் வராத வார்த்தை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவள். கோர்வையாக எழுத வராது. ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றுக்குப் போய்விடுவேன். பெயர்கள் மறந்துபோகின்றன, எது முந்தி நடந்தது எது பிந்தி நடந்தது என்பதும் சில நேரம் மாறிவிடுகிறது. “பேசுற மாதிரியே எழுதும்மா, அது போதும்” என்று மகள் சொல்லிவிட்டாள். பேசுவதற்கே கூச்சப்படுகிறவள் நான் என்பது அவளுக்கு நினைவில்லை போலிருக்கிறது.

இங்கே டெக்சஸில், காப்பெலில், மகள் வீட்டில் இருக்கிறேன். கார் ஓட்டத் தெரியாதவர்களுக்கு இந்த ஊரில் கால் இருந்தும் இல்லாத மாதிரிதான். வாரம் முழுக்க வீடு, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில். பூசை முடிந்ததும் பக்கத்து ஹாலில் காபியும் டோனட்டும் கொடுப்பார்கள். மகளும் மருமகனும் தெரிந்தவர்களோடு நின்று பேசுவார்கள். நான் ஓரமாக ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொள்வேன். யாராவது இங்கிலீஷில் ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் டோனட்டை மெதுவாகத் தின்பேன். வாயில் ஏதாவது இருந்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை பாருங்கள்.

அந்த ஹாலில் மேசை துடைக்கிற மெக்சிகோக்கார அம்மா ஒருவர் உண்டு. என் வயதுதான் இருக்கும். அவருக்கும் இங்கிலீஷ் வராது. ஒருவரையொருவர் பார்த்தால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான் பழக்கம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் துணியைக் கீழே வைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். என் முகத்தையே பார்த்தார். பிறகு தன் கண்ணுக்குக் கீழே கன்னத்தில் விரலால் ஒரு கோடு இழுத்து, “திரீஸ்தே?” என்றார்.

கையிலிருந்த காபி சேலையில் சிந்திவிட்டது.

எனக்கு அன்றைக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. சீனி போடாத காபி, முகம் அப்படிப் போயிருக்கும். ஆனால் அந்த வார்த்தையை நான் சின்னப் பிள்ளையில் கேட்டது. வால் மட்டும் கொஞ்சம் தேய்ந்திருந்தது, மற்றபடி அதேதான்.

காரில் ஏறியதும் மகளிடம், “அந்தம்மா சொன்ன வார்த்தை பழைய லத்தீன் பூசையில வரும்டி” என்றேன். நான் வலியப் பேச்செடுப்பது அபூர்வம் என்பதால் மகள் முன் சீட்டிலிருந்து முழுக்கத் திரும்பிவிட்டாள்.

“எந்த வார்த்தைம்மா?”

“திரீஸ்திஸ்.”

பக்கத்தில் இருந்த பேத்திக்குப் பள்ளியில் ஸ்பானிஷ் பாடம் உண்டு. “அம்மாச்சி, தட் மீன்ஸ் சேட்!” என்று சொல்லிக்கொண்டே போனில் தேட ஆரம்பித்துவிட்டாள். நாம் பேசும் தமிழ் அவளுக்கு நன்றாகப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும். அவள் படிக்கப் படிக்க, மகள் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். ஃப்ரீவேயில் போகிற வழியெல்லாம் அந்த ஒரே வார்த்தையின் கதைதான்.

ரோமாபுரிச் சிப்பாய்களும் வியாபாரிகளும் போன இடமெல்லாம் தங்கள் பேச்சையும் கொண்டுபோனார்களாம். அங்கேயே கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, அந்தப் பேச்சு ஊருக்கு ஊர் மாறிப்போனதாம். ஆனால் இந்த வார்த்தை மட்டும் பெரிதாக மாறவில்லை. ஸ்பானிஷ்காரர், போர்த்துகீசியர், இத்தாலிக்காரர், எல்லாருக்கும் திரீஸ்தே. பிரெஞ்சுக்காரர் கடைசியை விழுங்கிவிட்டு திரீஸ்த் என்கிறார்கள். ருமேனியாக்காரரும் கிட்டத்தட்ட அப்படியே. ஜெர்மனியிலும் சுவீடனிலும் அவர்கள் பாஷையில் வேறு வார்த்தை இருந்தும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து இதையும் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். ஜெர்மன்காரர்கள் மழை மூட்டம் போட்டுக் கிடக்கிற நாளைக்கூட அப்படித்தான் சொல்வார்களாம். இங்கிலீஷும் ஒரு காலத்தில் வாங்கியது, பிறகு கைவிட்டுவிட்டது. அவர்களுக்குச் சொந்தமாக சேட் என்று ஒன்று இருக்கிறதே. ஆனால் அதற்கும் ஆதியில் வயிறு நிறைந்தவன் என்றுதான் அர்த்தமாம்.

“வயிறு நெறஞ்சா சோகமா? நம்ம வீட்ல பசிச்சாத்தானே மூஞ்சி தொங்கும், அத்தை” என்றார் ஓட்டிக்கொண்டிருந்த மருமகன்.

“ஒங்க மூஞ்சிய மட்டும் சொல்லுங்க” என்றாள் மகள்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த வார்த்தைக்கு வருத்தம் என்று அர்த்தம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது நாங்கள் பொன்மலை ரயில்வே காலனியில் இருந்தோம். அப்பாவுக்கு ஒர்க்‌ஷாப்பில் வேலை. அம்மாவுடைய தம்பி, என் மாமா, கோயில்பிள்ளை. மணி அடிப்பது, மெழுகுதிரி ஏற்றுவது, சாமியாருக்குப் பூசை உடுப்பு எடுத்து வைப்பது எல்லாம் அவர் வேலை. அப்போது பூசை லத்தீனில்தான். சாமியார் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பீடத்தைப் பார்த்துச் சொல்வார், மாமா படியில் முழங்காலில் நின்று பதில் சொல்வார்.

“லத்தீன்ல எனக்குத் தெரியாத வார்த்தையே கெடையாது” என்பார் மாமா. “அர்த்தம் மட்டும்தான் தெரியாது.”

அந்த வருஷம் அம்மாவுக்கு மார்ச்சளி, காசநோய் என்பார்களே அது. தூரத்தில் மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். அப்பா மட்டும் போய்விட்டு வருவார். வந்ததும் கை கால் கழுவி, வேறு வேட்டி கட்டும் வரைக்கும் என்னைக் கிட்டே சேர்க்கமாட்டார். கிட்டே போனபிறகு அவரிடம் அம்மா வாசனை இருக்கிறதா என்று மோந்து பார்ப்பேன். சோப்பு வாசனைதான் இருக்கும்.

கோயிலில் என்னால் சும்மா இருக்க முடியாது. அம்மா இருந்தால் முந்தானைக்குள் இழுத்துப் போட்டுக்கொள்வாள். அவள் இல்லாததால் முன் வரிசையில் பாயில் உட்கார்ந்துகொண்டு, அழுவதும் மூக்கைச் சிந்துவதுமாக இருந்திருக்கிறேன். சாமியார் மாமாவைக் கண்டித்திருப்பார் போலிருக்கிறது. அடுத்த நாள் மாமா என்னைக் கூப்பிட்டு ஒரு ரகசியம் சொன்னார்.

“பாப்பா, பூசை ஆரம்பத்துல திரீஸ்திஸ்னு ஒரு வார்த்தை வரும். மொதல்ல நான் சொல்லுவேன். கொஞ்ச நேரத்துல சாமியார் சொல்லுவார். அந்த ரெண்டு எடத்துலயும் மனசுக்குள்ள என்ன வேண்டுனாலும் நேரா மேல போயிரும். ஆனா காது குடுத்துக் கேக்கணும். அழுதுக்கிட்டிருந்தா கேக்காது.”

ஏன் அந்த வார்த்தை என்று நான் கேட்கவில்லை. அந்த முணுமுணுப்புக்குள் அதுதான் தட்டில் கரண்டி விழுந்த மாதிரி கணீரென்று கேட்கும், அதனால் எடுத்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த ஞாயிறு முதல் நான் அடங்கிவிட்டேன். எல்லாரும் என் பக்தியைப் பாராட்டினார்கள். எனக்கு ஒரே ஒரு கஷ்டம்தான். “அம்மா நல்லாகி ரயில்ல வந்து எறங்கணும்” என்று முடிப்பதற்குள் வார்த்தை போய்விடும். அதனால் வேண்டுதலைக் குறைத்தேன். “அம்மா வரணும்” என்று மட்டும் வைத்துக்கொண்டேன். அதையும் வேகமாகச் சொல்ல வீட்டில் பழகினேன். மாமா சற்று நிறுத்திச் சொல்வார், எட்டிவிடும். சாமியார் அவசரக்காரர், பல தடவை “அம்மா” வரைக்கும்தான் ஆகும். அந்தப் பாதி வேண்டுதல் கணக்கில் சேருமா சேராதா என்று கவலைப்பட்டுக்கொண்டே வீட்டுக்கு வருவேன்.

அப்படிச் சில மாதம் போயிருக்கும். ஒருநாள் சாயங்காலம் அப்பாவும் மாமாவும் வாசலில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு அன்றைக்குத்தான் திரும்பியிருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“அவளுக்கு இப்ப எதுக்குத் தெரியணும்? பரீட்சை முடியட்டும்” என்றார் அப்பா.

“தெரிய வேணாம் அத்தான். நான் சொல்லல. நாளைக்குக் காலைல வந்து உக்காந்துட்டாவது போகட்டும். பெத்த பிள்ளை அத்தான்.”

எனக்குத் தெரியக்கூடாமல் ஒளிக்கிறார்கள் என்றால் அது ஒன்றாகத்தான் இருக்கும். அம்மா வரப்போகிறாள். மிட்டாய் வாங்கி வந்தாலும் அப்பா அப்படித்தான் முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொள்வார்.

மறுநாள் பள்ளிக்கூட நாள். ஞாயிறு தவிர நான் பூசைக்குப் போனதே கிடையாது. விடியற்காலையில் மாமா எழுப்பி, தலைவாரி விட்டு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். கோயிலில் கறுப்பு உடுப்பு எடுத்து வைத்திருந்தது. இறந்தவர்களுக்கான பூசை என்று எனக்குத் தெரியும்.

“யாருக்கு மாமா?”

“உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்கு” என்றார். மோட்சம் சேராமல் காத்திருக்கிற ஆத்துமாக்களுக்கு அப்படி அடிக்கடி பூசை வைப்பார்கள், அதனால் அது எனக்குச் சரியாகப் பட்டது.

அப்பாவும் வந்திருந்தார், சவரம் செய்யாத முகத்தோடு கடைசித் தூணோரம். அக்கம்பக்கத்துப் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எனக்கு வழிவிட்டார்கள். ஒரு அம்மா என் தலையைத் தடவினார். எல்லாருக்கும் சங்கதி தெரிந்திருக்கிறது, என்னிடம் மட்டும்தான் மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதுவரைக்கும் நான் நினைத்தது சரிதான்.

மணி அடித்தது. சாமியார் படிக்குக் கீழே நின்றார். நான் கண்ணை இறுக்க மூடி, வேண்டுதலை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கடைசியாக இந்த ஒரு தள்ளு தள்ளிவிட்டால் அம்மா வந்து சேர்ந்துவிடுவாள். மாமா ஏதோ பதில் சொன்னார். அந்த வார்த்தை வரவில்லை. சாமியார் சொல்வாராக்கும் என்று இருந்தேன். கண்ணைத் திறந்தால் அவர் நெஞ்சில் தட்டிக்கொண்டு, குனிந்து, பாவ மன்னிப்புச் செபத்துக்கே போய்விட்டார்.

பூசை முடிந்து, உடுப்பு வைக்கிற அறைக்கு ஓடினேன். மாமா தனியாக நின்று கறுப்பு உடுப்பை மடித்துக்கொண்டிருந்தார்.

“மாமா, அத விட்டுட்டீங்க!”

“எதைப் பாப்பா?”

“அந்த வார்த்தைய. நீங்களும் சொல்லல, சாமியாரும் சொல்லல.”

“கறுப்பு உடுப்புப் பூசைன்னா அந்தச் செபம் கெடையாது பாப்பா. அத விட்டுட்டு மேல போயிருவாங்க.”

“அப்ப நான் எங்க வேண்டுறது?”

“ஞாயித்துக்கெழம வேண்டிக்க.”

“ஞாயித்துக்கெழம எதுக்கு? அம்மா இன்னைக்குத்தான வர்றாங்க? எனக்குத் தெரியும். நேத்து நீங்க அப்பாகிட்டப் பேசுனீங்கல்ல.”

மாமாவின் கை நின்றுவிட்டது.

“சொல்லுங்க மாமா. நீங்களாவது ஒரு தடவ சொல்லுங்க. நான் கண்ண மூடிக்கிட்டேன்.”

வெளியே யாரோ வாளியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. நான் கண்ணைத் திறக்காமல், “சீக்கிரம் மாமா” என்றேன்.

சொன்னார். பூசையில் சொல்கிற குரல் இல்லை அது. அவ்வளவு மெதுவாக யாரும் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் நடுவில் அவ்வளவு இடம் இருந்தது. நான் குறைத்து வைத்திருந்த வேண்டுதலை விட்டுவிட்டு, நல்லாகி ரயிலில் வந்து இறங்குவது வரைக்கும் முழுசாக வேண்டி முடித்தேன். முடித்த பிறகும் இடம் மிச்சம் இருந்தது.

கண்ணைத் திறந்தபோது மாமா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, மடித்த உடுப்பைப் பிரித்து மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தார். நான் குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் வாசற்படியில் உட்கார்ந்து, ஒர்க்‌ஷாப் சங்கு ஊதி, எல்லார் வீட்டு அப்பாக்களும் வந்து சேர்ந்து, தெருவிளக்கு எரிகிற வரைக்கும் ரயிலடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பரீட்சை முடிந்ததும் பெரியம்மா வந்து சொன்னாள். அம்மாவை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கல்லறையிலேயே அடக்கம் செய்துவிட்டார்களாம். நான் நம்பவில்லை. பிறகு நம்பினேன். அந்தக் கறுப்புப் பூசையில் வார்த்தையை விட்டதால்தான் அம்மா வராமல் போய்விட்டாள் என்று அந்தச் சாமியார்மேல் பல வருஷம் கோபமாக இருந்தேன். அவருக்கு நான் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன் என்று கடைசிவரை தெரியாது. அதற்குப் பிறகு பூசை தமிழுக்கு வந்தது, அந்த வார்த்தையும் போய்விட்டது. மாமாவும் போய்விட்டார்.

அந்தச் செபத்தில் மனுஷன் தன்னுடைய ஆத்துமாவைப் பார்த்தே ஏன் இப்படி வருத்தமாக இருக்கிறாய் என்று கேட்கிறானாம். பேத்தி வீட்டுக்கு வந்த பிறகு தேடிச் சொன்னாள். அதைக் கேட்டதும், சாவுப் பூசையில் ஏன் அதை விட்டார்கள் என்று எனக்கு விளங்கின மாதிரி இருந்தது. சாவு விழுந்த வீட்டில் போய் ஏன் வருத்தமாக இருக்கிறாய் என்று யார் கேட்பார்கள்?

மாமா எனக்கு ஒன்றும் சொல்வதில்லை என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் அந்த அறையில் அவர் எனக்குச் சொல்லிவிட்டார். அவருக்கும் அர்த்தம் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் அக்காளுக்காக அதைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டு சந்தோஷமாக நின்றிருக்கிறேன்.

லத்தீன் பூசைக்குப் பதில் சொல்லிப் பழகியவர்கள் இன்னும் யாராவது இருப்பீர்கள். கறுப்பு உடுப்புப் பூசையில் அந்தச் செபத்தை விடுவது மெய்யாகவே வழக்கம்தானா, மற்ற நாளில் முதலில் கோயில்பிள்ளை வாயிலும் பிறகு சாமியார் வாயிலும்தான் அந்த வார்த்தை வருமா, நான் மாற்றி எழுதிவிட்டேனா என்று தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள். மாமா என்னிடம் பொய் சொல்லியிருக்கமாட்டார். சொல்லியிருந்தாலும் எனக்குக் குறை இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.